ஆணி அடிக்காத வீடு

9

போன வாரம் அந்த இரும்பு அலமாரியை மாடிப்படித் திருப்பத்தில் சிக்க வைத்துவிட்டு, நான் பாட்டுக்கு எழுந்து போய்விட்டேன். கவலை வேண்டாம், மேலே ஏறிவிட்டது. ஏற்றியவள் யார் தெரியுமா? 'துப்பாக்கி உள்ளே வந்தால் நான் வெளியே போய்விடுவேன்' என்று இரண்டு மாதமாக மிரட்டிக்கொண்டிருக்கும் ஷம்சாத்தேதான். சுமைக்காரர்கள் கையை உதறியபோது, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழ்ப்படியில் நின்று தோள் கொடுத்தாள்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலை. அதுக்காக நாலு பேர் நடக்கிற வழியில ஒரு சாமானை நிறுத்தி வைக்கிறதா?" என்றாள். அவள் கோபத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கும்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம், ஏகநாதனின் மாடி வீட்டில் குடியிருக்கிறது இந்தக் குடும்பம். ஷம்சாத், அவள் மகன் அஸ்கர், அஸ்கரைக் கட்டிக்கொண்டு வந்த கைனாத், மூன்றே பேர். அஸ்கருக்கு ஏ.சி. மெக்கானிக் வேலை. கைனாத் ரைபிள் சுடுகிறவள்.

ஆமாம், ரைபிள்தான். கல்லூரியில் என்.சி.சி.யில் தொட்டது, விடவில்லை. மாநிலப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கி, இப்போது தேசியப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள். திங்கட்கிழமை வெளியூரில் பயிற்சி முகாம். இதுவரை கிளப் துப்பாக்கியில் சுட்டாள், அது ஊர் தாண்டாது. அவளுடைய அத்தா போன வருஷம் மவுத்தானபோது விட்டுப்போன ரைபிள் ஒன்று, துப்பாக்கிக் கடையில் டெபாசிட்டாக இருக்கிறது. ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் அக்தர், 'நீயே வெச்சுக்கோ' என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான். லைசென்சும் அவள் பெயருக்கு வந்துவிட்டது.

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. துப்பாக்கி வைக்கிற இடம் பத்திரமானதுதானா என்று ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, சரி என்று எழுத வேண்டும். இன்று வருகிறார்.

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பவர்கள் சொந்த வீட்டுக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஏகநாதன் சாவியைக் கொடுத்த அன்றே போட்ட ஒரே நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பெயரைக் கேட்டதுமே 'வீடு இப்போதான் பேசி முடிச்சாச்சு' என்று கதவைச் சாத்துகிறவர்கள் நடுவில், ஆணியோடு நிறுத்திக்கொண்ட மனிதர் என்று அன்று ஷம்சாத்துக்கு அவர்மேல் மரியாதையே வந்தது.

இப்போது அந்த ஆணிதான் குறுக்கே நிற்கிறது. பொழிச்சலூரிலிருந்து கோவிலம்பாக்கம் வரை அஸ்கர் ஓட்டை போடாத சுவர் இல்லை. அவன் வண்டிப் பெட்டியில் டிரில்லிங் மெஷின் எப்போதும் இருக்கும். சொந்தக் கூடத்துச் சுவரில் மட்டும் அதை வைக்க அவனுக்கு உரிமை இல்லை. மூன்று தடவை கீழே இறங்கிக் கேட்டுப் பார்த்தான். மூன்று தடவையும் ஒரே பதில்தான். அலமாரி ஆளுயரத்துக்குக் கூடத்து மூலையில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஷம்சாத்தின் இடுப்பில் ஒரு கொத்துச்சாவி உண்டு. வீட்டில் பூட்டு என்று எது இருந்தாலும் அதன் சாவி அங்கேதான். பீரோ, வாசல் கதவு, மொட்டைமாடி, கைனாத்தின் கல்யாணச் சூட்கேஸ் உட்பட.

அது அதிகாரம் பண்ணுகிற ஆசையில் வந்த பழக்கம் இல்லை. அவள் கணவர் முஸ்தபா தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். அவர் மவுத்தான மறுவாரம், கடைச் சாவி கொழுந்தன் கையில் இருந்தது. சின்னப் பையன் அஸ்கரைக் கையில் பிடித்துக்கொண்டு, மூடிய ஷட்டருக்கு முன்னால் ஷம்சாத் நின்றாள். ஷட்டர் அவளுக்குத் திறக்கவே இல்லை. சாவி இல்லாதவளுக்கு வீடும் இல்லை, வாசலும் இல்லை என்று அன்றைக்குப் புரிந்துகொண்டாள். அதிலிருந்து எந்தப் பூட்டு வாங்கினாலும் ஸ்டேஷன் ரோடு சாவிக்காரரிடம் ஒரு நகல் போட்டு, ஆபத்துக்கு உதவும் என்று அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பாள்.

கைனாத் இதைப் பற்றி முகம் சுளித்ததில்லை. ஆனால் மூன்று வருஷமாகியும் இந்த வீட்டில் தனக்கென்று ஒரு சாவி இல்லையே என்ற வருத்தம் அவளுக்கு இருந்தது. மாமியார் அவளை ஒரு நாளும் 'என் மருமக' என்று சொன்னதில்லை. யார் கேட்டாலும், 'அஸ்கர் சம்சாரம்' என்பாள். அதுவும் கைனாத்துக்கு வருத்தம்தான்.

*

சப்-இன்ஸ்பெக்டர் சவுரிமுத்து காக்கிச் சட்டை இல்லாமல், வெள்ளைச் சட்டையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். போலீஸ் வந்து போனால் எந்த வீட்டில் துப்பாக்கி என்று தெருவே தெரிந்துகொள்ளும், அது வைக்கிறவளுக்கும் நல்லதில்லை, துப்பாக்கிக்கும் நல்லதில்லை என்பது அவர் கணக்கு. அலமாரியே ஏ.சி. மெக்கானிக் வாங்கிய ஐஸ் பெட்டி என்ற பெயரில்தான் தெருவுக்குள் வந்திருந்தது.

கைனாத் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். அலமாரியைத் திறந்து காட்டினாள். ரைபிள் நிற்க ஒரு பக்கம், தோட்டாவுக்குத் தனியாகப் பூட்டுள்ள பெட்டி. சவுரிமுத்து குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகத்தில் திருப்தி தெரிந்தது. பிறகு ஒரு கையை அலமாரியின் தோளில் வைத்து லேசாகத் தள்ளினார்.

மொசைக் தரையில் கிறீச்சென்று ஒரு சாண் நகர்ந்தது.

"நல்ல அலமாரிதாம்மா," என்றார் அவர். "ஆனா ரெண்டு பேர் வந்தா இதை அப்படியே தூக்கி டெம்போவுல போட்டுக்கிட்டுப் போயிடுவான். சுவத்தோட போல்ட் போடணும்."

கைனாத்தின் முகம் வாடியதைப் பார்த்து, பேச்சை மாற்றுகிறவர் போல, சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டார்.

ஷம்சாத் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தாள். காலையிலிருந்து அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. துப்பாக்கி பிடிக்காவிட்டாலும், போலீஸ்காரர் முன்னால் இந்த வீட்டின் மானம் தன் பொறுப்பு அல்லவா? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். இடுப்பிலிருந்து கொத்தை எடுத்துக் காட்டினாள். அலமாரிக்கு ஒன்று, தோட்டாப் பெட்டிக்கு ஒன்று என்று புத்தம்புதிய சாவிகள் இரண்டும் அதில் மின்னின.

"எல்லாம் என்கிட்டதான் சார். இந்த வீட்டுல ஒரு சாவி என் கையை விட்டுப் போகாது."

சவுரிமுத்து தலையை ஆட்டினார். "அப்படின்னா கொடுக்க முடியாதும்மா. லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ, சாவி அவங்க கையில மட்டும்தான் இருக்கணும். அம்மாவா இருந்தாலும் சரி, மாமியாரா இருந்தாலும் சரி."

ஷம்சாத் கொத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

நாளைக் காலையில் தான் திருவிழா பந்தோபஸ்துக்கு வெளியூர் போவதாகவும், திரும்ப இரண்டு வாரம் ஆகும் என்றும் சவுரிமுத்து சொன்னார். இன்று சாயங்காலம் ரவுண்டு முடிந்து இந்த வழியாகத்தான் போவேன், அதற்குள் முடிந்தால் பாருங்கள் என்றார். நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதர்களும் தள்ளிப் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

அவர் போன பிறகு கைனாத் அலமாரியைச் சாத்தினாள். அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள். திட்டியிருந்தால் ஷம்சாத்துக்குத் தேவலாம் போல் இருந்தது. திட்டினால் பதில் சொல்லலாம். தண்ணீர் சத்தத்துக்கு என்ன பதில் சொல்வது?

துப்பாக்கி வேண்டாம் என்றுதான் அவள் இரண்டு மாதமாகச் சொல்லிவந்தாள். இதோ, வராமல் போகப்போகிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் நெஞ்சில் முள் குத்தியது. வேண்டாம் என்று சண்டை போட்டு நிறுத்தியிருந்தால் அது ஒரு கணக்கு. பெருமைக்கு வாயைத் திறந்து ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டது வேறு கணக்கு. தான் செய்தது இரண்டாவது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மூடிய ஷட்டருக்கு வெளியே நின்றவள் இப்போது இன்னொருத்திக்கு ஷட்டரை இழுத்து விட்டுவிட்டாள்.

முக்காட்டை இறுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

*

ஏகநாதன் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மோட்டார் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏரித்தண்ணீர் பாய்ந்த நிலத்தில் நெல் போட்ட குடும்பம். நிலம் மனைகளாகப் போன பிறகு, மிஞ்சிய துண்டில் இந்த வீட்டைக் கட்டினார். அஸ்திவாரத்திலிருந்து கைப்பிடிச் சுவர் வரை கொத்தனாரோடு கூடவே நின்றவர். இப்போதும் போகும்போதும் வரும்போதும் சுவரைத் தடவிக் கொடுப்பார்.

ஷம்சாத் வாயைத் திறக்கும் முன்பே அவர் கையை ஆட்டினார். "பாயம்மா, நீ துப்பாக்கி வெச்சுக்கோ, பீரங்கி வெச்சுக்கோ, நான் இன்னான்னு கேக்கமாட்டேன். செவுத்துல மட்டும் கைய வெக்காத."

பிறகு அந்தப் பழைய கதையைச் சொன்னார். இவர்களுக்கு முன்னால் குடியிருந்தவன் ஒரே ஒரு ஆணி அடித்தான். அது சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயைப் போய்க் குத்திவிட்டது. கீழே ஏகநாதன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் மேல்தளத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. இரவோடு இரவாக அவன் காலி செய்துகொண்டு போய்விட்டான். சுவரை உடைத்து, குழாய் மாற்றி, பூசி முடித்த பின்னும் கீழே அவர் வீட்டுக் கூரையில் ஒரு கறை நின்றுவிட்டது. அந்தக் கறையைப் பார்க்கும்போதெல்லாம் தனக்கு வயிறு எரிகிறது என்றார்.

ஷம்சாத் எதிர்த்துப் பேசவில்லை. "நீங்க சொல்றது நியாயம்தான் அண்ணா. ஒரே ஒரு தடவை மேல வந்து வீட்டைப் பாருங்க. அதுக்கப்புறமும் முடியாதுன்னா நான் வாயைத் திறக்கல."

ஏகநாதன் மாடிக்கு வந்தாலும் வாசலோடு பேசிவிட்டுப் போகிறவர். குடித்தனக்காரர் வீட்டுக்குள் நுழைவது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். இன்று நுழைந்தார். பின்னாலேயே அவர் மனைவி கங்கையம்மாளும் ஏறி வந்தாள். கூப்பிடாத இடத்துக்கும் போவாள், கூப்பிட்டால் விடுவாளா?

கூடத்துச் சுவர் நாலும் வெறுமையாக இருந்தன. பூசிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தன.

சுவர்க்கடிகாரம் ஃப்ரிட்ஜின் தலையில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. மணி பார்க்க வேண்டுமென்றால் எட்டி நின்று எக்கிப் பார்க்க வேண்டும். காலண்டர் ஜன்னல் கம்பியில் நூலால் கட்டியிருந்தது. காற்றடித்தால் தேதி தானாகக் கிழிந்து போகும். கண்ணாடியும் ஜன்னல் கம்பியில்தான், அஸ்கர் தெருவைப் பார்த்துக்கொண்டேதான் முகச்சவரம் செய்வான். மக்காவின் கஃபா படம் பாத்திர அடுக்கில் ஒரு பாத்திரத்தில் சாய்ந்து நின்றது. கொசுவலைக்குக் கட்டில் கால்களில் மூங்கில் கட்டியிருந்தார்கள்.

படுக்கையறைத் தாழ்ப்பாளில் நாடாவோடு ஏதோ தொங்கியது. கங்கையம்மாள் கதவைத் தள்ளியதும் அது கதவில் இடித்து டிங்கென்றது. கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது இன்னா?"

"மாநிலப் போட்டியில வாங்கின மெடல்," என்றாள் கைனாத் மெதுவாக. "மாட்ட இடமில்லை."

கங்கையம்மாள் அதைத் தடவிப் பார்த்து முன்பு இருந்தபடியே மாட்டினாள். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரவுச் சாப்பாட்டின் கதி தெரிந்தது.

ஷம்சாத் அப்போதுதான் பேசினாள். "ஆறு வருஷம் ஆச்சு அண்ணா. அடிக்காதேன்னு நீங்க சொன்ன ஒரு சொல்லுக்காக ஒரு குண்டூசி குத்தலை. என் பையன் ஊரெல்லாம் ஓட்டை போடறவன், இங்க ஒரு நாள் அந்த மெஷினை வெளியே எடுத்ததில்லை. அடிக்காம விட்ட அத்தனை ஆணிக்கும் பதிலா இன்னிக்கு நாலே நாலு ஓட்டை கேக்கறேன். எனக்கில்லை, அந்தப் பொண்ணுக்கு."

ஏகநாதன் சுவரையே பார்த்தார். கங்கையம்மாள் விடவில்லை. "நம்ம வூட்ல நீ சட்டை மாட்டவே வரிசையா ஆணி அடிச்சு வெச்சுக்கீற. இங்க இவங்க கடியாரத்தைப் படுக்க வெச்சு மணி பாத்துகினு கீறாங்க. கேட்டுக்கினு நிக்கறியே."

அவர் சுவரிடம் போனார். உள்ளங்கையை வைத்துத் தடவினார். விரல் முட்டியால் தட்டித் தட்டிக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தார். வீட்டுக்காரர் என்ன சொல்லப்போகிறாரோ என்று மூன்று பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"இங்க வாணாம்," என்றார் கடைசியில். கைனாத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் தட்டிக்கொண்டே மூலைக்குப் போனார். "இது வெறும் செங்கல்லு, போல்ட்டு நிக்காது. அந்தாண்ட பைப்பு போவுது. இங்க பாரு, இந்த மூலையில பில்லர் கீது. கான்கிரீட் போட்ட அன்னிக்கி நான் பக்கத்துலயே நின்னேன், கம்பி எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும். உன் புள்ளைய வரச் சொல்லு. நான் காட்டுற எடத்துல மட்டும்தான் போடணும், சொல்லிட்டேன்."

அஸ்கர் கோவிலம்பாக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டு ஏ.சி.யைப் பிரித்துப் போட்டிருந்தான். செல்போனில் அம்மா சொன்னதை நம்பாமல் கைனாத்திடமும் ஒரு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, அந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் பறந்து வந்தான். ஏகநாதன் சாக்பீஸால் நாலு புள்ளி வைத்திருந்தார். ஆயிரம் சுவரில் அலட்சியமாக ஓட்டை போட்ட கை, தான் குடியிருக்கும் வீட்டில் முதல் புள்ளியை இரண்டு தடவை அளந்து பார்த்தது. ஏகநாதன் தன் மேல்துண்டை உருவிக் கீழே பிடித்தார், தூள் ஒரு சிட்டிகை தரையில் விழக் கூடாதாம்.

மெஷின் கத்தியது. சிமெண்ட் தூள் துண்டில் கொட்டியது. தண்ணீர் வரவில்லை, கம்பியும் தட்டவில்லை. போல்ட்டு நாலும் ஏறி இறுகியதும் ஏகநாதன் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, அலமாரியில் தோளைக் கொடுத்து முழுப் பலத்தோடும் தள்ளினார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. அலமாரி அசையவில்லை.

"என் பில்லரு," என்றார். அந்த நேரத்தில் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் தாம்பரம் வட்டாரத்திலேயே இருந்திருக்க மாட்டார்.

*

மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது. ஷம்சாத் தொழுதுவிட்டு எழுந்து, கைனாத்தைக் கூப்பிட்டாள். கொத்துச்சாவியை மடியில் வைத்துக்கொண்டு, வளையத்தைப் பல்லால் நெம்பி விரித்தாள். புதுச் சாவிகள் இரண்டையும் உருவி அவள் கையில் வைத்தாள்.

கைனாத் விரல்களை மூடவில்லை. "மாமி, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா..." என்று தொடங்கினாள்.

"கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்காகக் கொடுக்காம இருக்க முடியுமா? வெச்சுக்கோ."

கைனாத் இரண்டு சாவிகளையும் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக இந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு சாவி. அவள் நடையே மாறிவிட்டது.

ஆனால் வாசகர்களே, உங்களுக்கு அரிசி டிரம் ஞாபகம் இருக்கிறதா? ஷம்சாத்துக்கு இருந்தது. பூட்டு வந்த மறுநாளே ஸ்டேஷன் ரோட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள், கைப்பழக்கம். அதைச் சொல்லலாமா என்று நினைத்தாள். அப்புறம், ஒரு அவசரம் ஆபத்து என்றால் வேண்டாமா, டிரம்முக்குள் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

சவுரிமுத்து வந்தார். இந்த முறை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார். அலமாரியும் நகரவில்லை, பக்கத்தில் நின்ற ஏகநாதனும் நகரவில்லை. துப்பாக்கி எப்போதும் தோட்டா இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும், எங்கே இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். கங்கையம்மாள் முந்திக்கொண்டு, தெருவில் எல்லோருக்கும் ஐஸ் பெட்டி என்றுதான் சொல்லியிருக்கிறேன், ரெண்டு பேர் ஐஸ் கேட்டே விட்டார்கள் என்றாள்.

"சாவி மொத்தம் எத்தனை?"

"ரெண்டு சார். ரெண்டும் என்கிட்டதான்." கைனாத் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். குரலில் தயக்கமே இல்லை. அவளுக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

சவுரிமுத்து எழுதினார். எழுதியதைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னார். கைனாத் பேனாவை வாங்கிக் குனிந்தாள்.

ஷம்சாத் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாள். தான் செய்த காரியத்துக்கு இந்தப் பெண் பொய்க் கையெழுத்துப் போடப்போகிறாள், அதுவும் தெரியாமல். சொன்னால் எல்லாம் கெட்டுப்போகலாம். பில்லரில் போட்ட ஓட்டையும் வீண், திங்கட்கிழமையும் போச்சு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

"மூணு," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மூணு சாவி சார். அவளுக்குத் தெரியாது. நான்தான் அலமாரிக்கு ஒண்ணு நகல் போட்டு வெச்சேன்."

யாரும் கேட்கும் முன்பே அடுப்படிக்குப் போனாள். டிரம் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டு வந்தாள். சாவியில் தவிடு ஒட்டியிருந்தது. அதை முந்தானையில் துடைத்து, சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுக்காமல், கைனாத்தின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

அஸ்கர் தலையில் கை வைத்துக்கொண்டான். ஏகநாதன் தன் பில்லரைப் பார்த்துக்கொண்டார். சவுரிமுத்து பேனாவை மூடிப் பையில் சொருகினார். முடிந்தது என்று கைனாத் நினைத்தாள்.

"அலமாரியை நான் தள்ளிப் பாக்கலாம்மா," என்றார் அவர் ஷம்சாத்திடம். "அது நகருதா இல்லையான்னு தெரிஞ்சிடும். வீட்டுல இருக்கிற மனுஷங்களை எப்படித் தள்ளிப் பாக்கறது? அதுதான் எனக்கு எப்பவும் கஷ்டம். இன்னிக்கு அதையும் பாத்துட்டேன்."

பேனாவைத் திரும்ப எடுத்தார். இரண்டை அடித்து மூன்று என்று எழுதினார். இனி எந்தப் பூட்டோடும் சாவிக்காரரிடம் போகக் கூடாது என்று ஷம்சாத்திடம் விரலை ஆட்டிச் சொல்லிவிட்டு, கைனாத்திடம் காகிதத்தை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். துப்பாக்கியை நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கூடத்தில் யார் முதலில் சிரித்தது என்று எனக்குத் தெரியாது. கைனாத் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுததும், ஷம்சாத், "சாவி குத்துது, தள்ளு," என்று சொல்லிக்கொண்டே தள்ளாமல் நின்றதும் மட்டும் தெரியும்.

ஏகநாதனைக் காணோம். எங்கே என்று பார்த்தால் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் ஓர் ஆணி. யாரையும் கேட்காமல் கூடத்துச் சுவரை நடுவில் தட்டிப் பார்த்தார். தன் கையாலேயே மூன்று அடியில் ஆணியை இறக்கினார். தாழ்ப்பாளிலிருந்து பதக்கத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அதில் மாட்டினார்.

"கடியாரம்?" என்றாள் கங்கையம்மாள்.

"அது அடுத்த வருசம் பாக்கலாம்," என்றார் அவர்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே கைனாத்தின் செல்போன் அடித்தது. துப்பாக்கிக் கடைக்காரர். நல்ல செய்தியைச் சொல்லலாம் என்று ஆவலாக எடுத்தவள், கேட்கக் கேட்கச் சுவரோரமாகச் சாய்ந்தாள். அண்ணன் அக்தர் இன்று மத்தியானம் விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறான். வீட்டுக்குக்கூட வராமல் நேரே கடைக்குப் போயிருக்கிறான். 'நீயே வெச்சுக்கோ' என்று சொன்னவனே இப்போது, மகன் இருக்கும்போது பெண்ணுக்கு எதற்கு அத்தாவின் துப்பாக்கி, தன்னைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கடையில் உட்கார்ந்திருக்கிறானாம்.

கைனாத் திணறித் திணறி அதைச் சொல்லி முடித்தாள். அஸ்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷம்சாத் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

எங்கேயோ ஒரு கடையில், யார் கையிலோ சாவி. வெளியே ஒரு பெண். ஷம்சாத்துக்கு இது பழைய கதை. ஆனால் அன்றைக்கு அவளோடு நிற்க யாரும் இல்லை.

"அவர்கிட்ட போனைக் கொடுங்க," என்றாள் கடைக்காரரிடம். மறுமுனையில் ஆண்குரல் கேட்டதும், சத்தம் போடாமல், நிதானமாகப் பேசினாள்.

"அக்தர் தம்பி, நான் ஷம்சாத் பேசறேன். நாளைக்குக் காலையில அவளோட நானும் அங்க வரேன். இங்க அலமாரி பில்லர்ல நிக்குது. சாவி மூணும் என் மருமக கழுத்துல இருக்கு. துப்பாக்கியை வாங்காம நாங்க ரெண்டு பேரும் அந்தக் கடைப் படி இறங்கமாட்டோம்."